எத்தனை காலம் கூட வரும்?

இங்கிலாந்தில் வாழ்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு மனித வைத்தியத்தின் விலை தெரியாது. 1948-இல் தொடங்கிய தேசிய சுகாதார சேவை அந்த விலையை அவர்கள் கண்ணில் படாமல் வைத்திருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்த பாட்டி அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவார். மயக்க மருந்துக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு, படுக்கைக்கு இவ்வளவு என்று எந்தத் தாளும் பின்னால் வராது. மருத்துவம் எவ்வளவு பணம் பிடிக்கும் காரியம் என்பது அவர்களில் பலருக்கு முதலில் உறைப்பது வீட்டு நாய் நொண்டத் தொடங்கும்போதுதான். முட்டி ஜவ்வு கிழிந்த ஒரு லாப்ரடாருக்கு எலும்பை வெட்டித் திருப்பித் தகடு பொருத்தும் அறுவை சிகிச்சை 4,000 பவுண்டைத் தாண்டுவது அங்கே சாதாரணம். முதுகுத் தண்டில் வட்டு பிதுங்கிய டாக்ஸ்ஹவுண்டுக்கு எம்.ஆர்.ஐ., அறுவை சிகிச்சை, அதன் பிறகான பராமரிப்பு எல்லாம் சேர்ந்தால் அதைவிடக் கூடுதல்.

எனவேதான் செல்லப்பிராணிக் காப்பீடு அந்த நாட்டில் இவ்வளவு வேரூன்றியது. 2023-இல் மட்டும் பிரிட்டனின் காப்பீட்டு நிறுவனங்கள் நாய், பூனை, முயல் வைத்தியத்துக்காகக் கொடுத்த தொகை நூறு கோடி பவுண்டுக்கு மேல். விலை ஒப்பீட்டுத் தளங்களில் இனம், வயது, வசிக்கும் பகுதி மூன்றையும் கொடுத்தால் ஐம்பது அறுபது பாலிசிகள் வரிசையாக வந்து நிற்கும். மிகக் குறைந்த பிரீமியம் மேலே, கூடியது கீழே. பார்ப்பவர் கை மேலேயுள்ள மூன்றில் ஒன்றுக்குப் போகும். நான் சொல்ல வந்தது இந்த வரிசையைப் பற்றித்தான். இதை விலையின்படி அடுக்கக்கூடாது. ஒரு நோய் வந்தால் அந்தப் பாலிசி எத்தனை காலம் கூட வரும் என்பதன்படி அடுக்க வேண்டும்.

பிரிட்டனில் விற்கும் பாலிசிகள் ஏறத்தாழ நான்கு வகை. விபத்துக்கு மட்டுமானது ஒன்று. அது கார் மோதினால் உதவும், நோய் வந்தால் உதவாது. அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை. அடுத்தது, ஒரு நோய் தொடங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் மட்டும் பணம் தருவது. மூன்றாவது, ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மொத்தத் தொகையை ஒதுக்கி, அது தீரும்வரை தருவது. நான்காவது, ஆண்டுதோறும் வரம்பு புதிதாக நிரம்புவது. இதை ஆயுள்காலப் பாலிசி என்கிறார்கள். பிரீமியம் இந்த வரிசையிலேயே ஏறும்.

வேறுபாடு கையில் உணரும்படி தெரிய ஒரு நாயை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயதில் அதற்குத் தோல் ஒவ்வாமை வருகிறது. பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும், காது சிவக்கும், வயிற்றில் முடி உதிரும். நாய்களுக்கு மிகச் சாதாரணமாக வருவது இது. உயிரைக் கொல்லாது, போகவும் போகாது. அரிப்பை அடக்கும் மாத்திரை, மாதாந்திர ஊசி, இடையிடையே காதுக்கு மருந்து. மாதம் 80 பவுண்டு செலவு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 960. அந்த நாய் பன்னிரண்டு வயது வரை இருந்தால், இன்றைய விலையிலேயே பத்தாயிரம் பவுண்டை ஒட்டி வரும். பன்னிரண்டு மாதப் பாலிசி முதல் ஆண்டு கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும். நோய்க்கு 3,000 பவுண்டு என்ற வரம்புள்ளது நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் கையை விரிக்கும். அதே 3,000 ஆண்டு வரம்பாக உள்ள ஆயுள்காலப் பாலிசி கடைசிவரை கொடுக்கும். மூன்றிலும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் நிற்கும் எண் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். அந்த எண் ஆண்டுக்கா, நோய்க்கா, வாழ்நாளுக்கா என்பது சிறிய எழுத்தில் இருக்கும்.

மக்கள் காப்பீடு என்றதும் கார் விபத்தையும் நள்ளிரவு அறுவை சிகிச்சையையும் நினைக்கிறார்கள். அவை கதையாகச் சொல்லத் தக்கவை என்பதால் மனதில் நிற்கின்றன. ஆனால் குடும்பத்தின் பணத்தை மெல்ல மெல்ல உறிஞ்சுபவை வேறு: பூனையின் சர்க்கரை நோய்க்கு நாளுக்கு இரண்டு வேளை இன்சுலின், முதிய பூனையின் சிறுநீரகம், தைராய்டு, கவேலியர் ஸ்பானியலின் இதய வால்வு, பெரிய நாய்களின் மூட்டுத் தேய்மானம். இவை எதுவும் பன்னிரண்டு மாதத்தில் முடிவதில்லை. ஆகவே வரம்பு சற்றுக் குறைவாக இருந்தாலும் ஆயுள்கால வகையையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பிரீமியம் கட்டுப்படியாகவில்லை என்றால், நாம் முதலில் கட்ட வேண்டிய எக்ஸஸ் தொகையைக் கூட்டிக்கொண்டு பிரீமியத்தைக் குறைக்கலாம். சின்னச் செலவை நாம் தாங்கிக்கொள்வோம், பெரிய செலவை அவர்கள் தாங்கட்டும். காப்பீட்டின் வேலையே அதுதான்.

நிபந்தனைப் புத்தகத்தில் நேராகத் திறக்க வேண்டிய பக்கம் ஒன்று இருக்கிறது. எதை 'ஒரே நோய்' என்று அந்த நிறுவனம் கணக்கிடுகிறது என்று சொல்லும் பக்கம். உடலின் இரு பக்கமும் உள்ள உறுப்புகளைப் பல நிறுவனங்கள் ஒன்றாகவே எண்ணுகின்றன. இடது முட்டி ஜவ்வு கிழிந்த நாய்க்கு ஓரிரு வருடத்தில் வலது முட்டியும் போவது மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது. ஒரு காலைக் காக்க மறு காலில் எடையைப் போடுவதும், இரண்டு முட்டியிலும் அதே பலவீனம் இருப்பதும் காரணம். இரண்டையும் ஒரே நோயாகக் கொண்டால், நோய்க்கு இவ்வளவு என்ற வரம்பு முதல் முட்டியிலேயே தீர்ந்துபோயிருக்கும். பாலிசி எடுக்கும் முன்பே ஒரு முட்டியில் குறை தெரிந்திருந்தால் மறு முட்டிக்கும் பணம் கிடையாது. கண், காது, இடுப்பு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. இரண்டு நிறுவனங்களை ஒப்பிட எனக்கு நேரம் கொஞ்சமே இருந்தால், மற்ற எல்லாப் பக்கங்களையும் விட்டுவிட்டு இதை மட்டும் படிப்பேன்.

இதைவிடக் கடினமான ஒன்று, நோய் எப்போது தொடங்கியது என்ற கேள்வி. மனிதன் தன் வலி தொடங்கிய நாளைத் தானே சொல்வான். நாய் சொல்வதில்லை. அதன் சார்பில் நாம் சொல்கிறோம், மருத்துவர் எழுதிக்கொள்கிறார். தடுப்பூசிக்குப் போன இடத்தில் "ஒரு வாரமாகக் காதைச் சொறிகிறது டாக்டர்" என்று பேச்சோடு பேச்சாக ஒருவர் சொல்கிறார். மருத்துவர் பார்த்து, பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லி, அதை ஒரு வரியாகக் கணினியில் பதிகிறார். எட்டு மாதம் கழித்து அந்த நாய்க்குத் தோல் ஒவ்வாமை உறுதியாகி க்ளெய்ம் போகும்போது, நிறுவனம் பிறந்ததிலிருந்தான மருத்துவப் பதிவு முழுவதையும் வரவழைத்துப் படிக்கும். காது அரிப்பு ஒவ்வாமையின் அறிகுறி என்பது மருத்துவ உண்மை. அந்த வரி பாலிசி தொடங்கிய தேதிக்கு முந்தையதாக இருந்தால், அல்லது பாலிசி எடுத்த முதல் பதினான்கு நாள் காத்திருப்புக் காலத்துக்குள் விழுந்தால், நோய் முன்பே இருந்தது என்று ஆகிவிடும். அன்று அதை நோய் என்று யாரும் நினைத்திருக்கவில்லை என்பது கணக்கில் வராது. பல நிறுவனங்களின் வரையறையில் நோய் கண்டறியப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அறிகுறி தென்பட்டிருந்தால் போதும்.

இதற்காக மருத்துவரிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. மறைத்தால் பாதிக்கப்படுவது அந்த வாயில்லா ஜீவன். குட்டி வீட்டுக்கு வந்தவுடன், அதன் பதிவேடு வெறுமையாக இருக்கும்போதே காப்பீடு எடுத்துவிட வேண்டும் என்று சொல்கிறேன். காத்திருந்து, முதல் நோய் வந்த பிறகு விழித்துக்கொள்பவர்களுக்கு அந்த நோயைத் தவிர மற்றதுக்கெல்லாம் பாலிசி கிடைக்கும்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. கார் காப்பீட்டை ஆண்டுதோறும் மாற்றலாம். இந்த ஆண்டு ஒருவர், அடுத்த ஆண்டு மலிவாகத் தருகிற வேறொருவர். நாய்க்கு அது முடியாது. நான்கு வயதில் நிறுவனத்தை மாற்றினால் அதுவரை வந்த நோய்கள் எல்லாம் புதிய நிறுவனத்துக்கு முன்பே இருந்த நோய்கள். இரண்டு ஆண்டு அறிகுறியே இல்லாமல் இருந்தால் மன்னித்து ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்கள் சில உண்டு. நாள்பட்ட நோய்க்கு அந்தச் சலுகை எப்படிப் பொருந்தும்? ஆக, முதல் ஆண்டில் போகிற போக்கில் செய்கிற தேர்வு பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கான தேர்வு. பிரீமியமோ ஆண்டுதோறும் ஏறும். நாய்க்கு எட்டு ஒன்பது வயதானதும் எக்ஸஸ் போக பில்லில் பத்து அல்லது இருபது சதவீதத்தையும் நாமே கட்ட வேண்டும் என்ற நிபந்தனை பல பாலிசிகளில் தானாக வந்து சேரும். பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிடக் கூடுதலாக வாங்கக்கூடாது என்று பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரி முதல் விதித்தது. அது வீட்டுக் காப்பீட்டுக்கும் வாகனக் காப்பீட்டுக்கும் மட்டும். வெளியேறவே வழியில்லாத வாடிக்கையாளர்கள் இருக்கும் இந்தத் துறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இது அநீதி என்றே நினைக்கிறேன். எனவே பாலிசி எடுக்கும்போது இன்றைய பிரீமியத்தைக் கேட்பதோடு நிற்காமல், இதே இனத்தில் பத்து வயது நாய்க்கு அதே நிறுவனம் இன்று எவ்வளவு கேட்கிறது என்று விசாரிக்க வேண்டும். வயதை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

செலவு ஏன் இவ்வளவு ஏறியது என்பதற்குக் காப்பீட்டுக்கு வெளியேயும் காரணம் உண்டு. ஒரு காலத்தில் தெருமுனைக் கால்நடை மருத்துவமனை அங்கே வேலை பார்த்த மருத்துவருக்கே சொந்தம். 2013-இல் பெரிய குழுமங்களின் கையில் இருந்தவை பத்தில் ஒன்றுதான். பத்தாண்டில் அது பத்தில் ஆறை நெருங்கியது என்று பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் கண்டு, 2024-இல் முறையான விசாரணையில் இறங்கியது. பெயர்ப்பலகை பழையதாகவே இருப்பதால் தங்கள் மருத்துவமனை கைமாறியது பலருக்குத் தெரியவில்லை. "காப்பீடு இருக்கிறதா?" என்ற கேள்வி சிகிச்சை அறையில் எழும்போது, அதற்கான பதில் எந்தெந்தப் பரிசோதனைகள் பேச்சுக்கு வரும் என்பதையும் தீர்மானிக்கிறது. இதில் மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். செய்யக்கூடியது அனைத்தையும் செய்ய விரும்புவது அவர்கள் கற்ற கல்வி. ஆனால் செய்யக்கூடியது எல்லாம் அந்த உயிருக்கு வேண்டியதுதானா என்று கேட்க வேண்டியவர் நாம். பதினான்கு வயதுப் பூனைக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றப் பணம் இருக்கிறது என்பதே ஏற்றுவதற்குக் காரணம் ஆகிவிடக்கூடாது.

நம்மூரில் இந்தக் காப்பீடு வந்தது மாட்டின் வழியாக. உலகில் இதன் தொடக்கமும் மாட்டிலும் குதிரையிலும்தான். ஸ்வீடனில் 1890-இல் குதிரைகளுக்கும் கால்நடைகளுக்குமாகத் தொடங்கி, 1924-இல் ஒரு நாய்க்கு முதல் பாலிசி எழுதினார்கள். பிரிட்டனில் 1947. அமெரிக்காவில் 1982, அதுவும் தொலைக்காட்சித் தொடரில் 'லஸ்ஸி' என்ற நாயாக நடித்த நாய்க்கு. இந்தியாவில் 1970-களில் பொதுக் காப்பீடு நாட்டுடைமையான பின் கறவை மாட்டுக் காப்பீடு கிராமங்களுக்குப் போனது. காதில் வில்லை குத்துவார்கள். மாடு செத்தால் வில்லையோடு சடலத்தைக் காட்டி, கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்கினால் பணம். வில்லை இல்லையேல் பணம் இல்லை. அந்தக் காப்பீடு கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இந்த மாட்டின் சந்தை விலை என்ன? கடன் வாங்கி மாடு பிடித்த குடும்பத்துக்கு அதுவே சரியான கேள்வி. மாடு போனாலும் கடன் நிற்கும்.

பொதுத்துறை நிறுவனங்களின் நாய்ப் பாலிசி அதே அச்சில் வார்த்தது. நாயின் விலைக்கு ஏற்பக் காப்பீட்டுத் தொகை, முக்கியமாகச் சாவுக்குப் பணம். 2020-க்குப் பிறகு தனியார் நிறுவனங்கள் சில அறுவை சிகிச்சைக்கும் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதற்கும் பணம் தரும் பாலிசிகளைக் கொண்டுவந்தன. நாய் கடித்தோ மோதியோ வேறொருவருக்கு நேர்ந்த சேதத்துக்கான பொறுப்பு, திருடுபோவது, காணாமல்போவது எல்லாம் அவற்றில் சேர்க்கலாம். இங்கே ஒப்பிட உட்காருபவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்: கட்டுகிற பிரீமியத்தில் எவ்வளவு சாவுக்குப் போகிறது, எவ்வளவு வைத்தியத்துக்கு? வீட்டில் வளர்ந்த நாய் செத்த பிறகு வரும் பணத்தால் என்ன ஆகப்போகிறது? உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் விழுந்து, சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அது படுத்திருக்கும்போது வரும் பணம்தான் பணம். பார்வோ வைரஸ் தொற்றிய குட்டிக்கு நான்கைந்து நாள் டிரிப்ஸ் ஏற்றினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் தடுப்பூசி தவறியிருந்தால் தடுப்பூசியால் தடுத்திருக்கக்கூடிய நோய்களுக்குப் பொதுவாக நிறுவனங்கள் பணம் தருவதில்லை. தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துவது பாலிசித் தாளைப் பத்திரப்படுத்துவதைவிட முக்கியம்.

விலையை அடிப்படையாகக் கொண்ட காப்பீடு இன்னொரு இடத்திலும் இடறுகிறது. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்கு ரசீது இல்லை, சந்தை விலை இல்லை. கலப்பினத்தையும் நாட்டு நாயையும் ஏற்கும் பாலிசிகள் இப்போது சில இருப்பது நல்ல மாற்றம். விலையுள்ள நம் இனங்களுக்கும் சிக்கல் உண்டு. 2005-இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் நாயின் வெண்மைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததில், அந்த வெண்மையோடு செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வந்தது. பிறவிக் குறை என்ற ஒரு வரியில் பாலிசி அதை விலக்கிவிடும். பிரெஞ்சு புல்டாக்கின் மூச்சுத்திணறலுக்கும் இதே கதிதான் பல இடங்களில். மனிதன் அழகுக்காக உண்டாக்கிய குறை அது, சுமப்பது நாய். எந்த இனத்தை வாங்குகிறோமோ அந்த இனத்தின் பிறவி நோய் எது என்று முதலில் தெரிந்துகொண்டு, அந்த நோயின் பெயரை நேரடியாகச் சொல்லி, இதற்குப் பணம் உண்டா இல்லையா என்று எழுத்தில் பதில் வாங்குவது நல்லது.

தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்கு இன்றும் காப்பீட்டின் இடத்தில் இருப்பது அரசு மருத்துவமனை. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை வாசலில் காலையில் நிற்கும் கூட்டத்தில் கோல்டன் ரெட்ரீவரும் இருக்கும், சாக்குப்பையில் சுற்றிய ஆட்டுக்குட்டியும் இருக்கும். பிரிட்டனிலும் இப்படி ஓர் இடம் உண்டு: லண்டனில் 1917-இல் மரியா டிக்கின் ஒயிட்சாப்பல் பகுதியில் ஏழைகளின் விலங்குகளுக்காகத் திறந்த இலவச மருந்தகம் இன்று நாடு முழுவதும் மருத்துவமனைகள் நடத்தும் அறநிறுவனமாக நிற்கிறது. பிரீமியம் கட்ட முடியாதவர்கள் விலங்கு வளர்க்கவே கூடாது என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. தனியாக இருக்கும் ஒரு முதியவருக்கு அந்தப் பூனைதான் பேச்சுத்துணை. அப்படிப்பட்டவர்கள் மாதாமாதம் ஒரு சிறு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவருவதும் ஒரு ஏற்பாடுதான். ஆனால் முதல் ஆண்டிலேயே முட்டி ஜவ்வு கிழிந்தால் அந்தக் கணக்கு போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பணம் இல்லாத ஒரே காரணத்தால், பிழைக்கக்கூடிய நாயைக் கருணைக்கொலை செய்ய நேர்வது கால்நடை மருத்துவர்களின் அன்றாடத்தில் மிகக் கனமானது.

முன்பே இருந்த நோய் என்ற விதிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லாம் அங்கேதான் முட்டி நிற்கிறது. இந்தியாவில் மனிதர்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் அந்த விதி நிரந்தரத் தடை அல்ல, காத்திருப்புக் காலம்தான். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்தக் காலத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2024-இல் அதை நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைத்தது. 2011 அக்டோபர் முதல், நிறுவனம் மாறும்போது அதுவரை காத்திருந்த காலத்தையும் கையோடு எடுத்துச் செல்லலாம். சர்க்கரை நோயுள்ள ஒருவர் பழைய நிறுவனத்தின் சேவை பிடிக்காமல் புதியதற்குப் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நாய்க்கும் பூனைக்கும் அப்படி ஓர் உரிமை இங்கும் இல்லை, பிரிட்டனிலும் இல்லை. தொழில்நுட்பத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் 2016 முதல் நாய்க்கும் 2024 முதல் பூனைக்கும் மைக்ரோசிப் கட்டாயம். எந்த உயிர் எது என்பதில் ஐயம் கிடையாது. க்ளெய்மை மறுப்பதற்காகப் பிறந்ததிலிருந்தான பதிவேட்டை வரவழைக்கும் நிறுவனத்தால், அதே பதிவேட்டைப் பார்த்து இந்த நாய் ஆறு ஆண்டு இடைவெளியில்லாமல் காப்பீட்டில் இருந்தது என்று ஏற்றுக்கொள்ளவும் முடியும். அப்படி ஓர் உரிமை வரும் வரைக்கும் மேலே சொன்ன ஒப்பீடுகளை எல்லாம் ஒவ்வொருவரும் குட்டி வந்த முதல் வாரத்திலேயே செய்து முடிக்க வேண்டியிருக்கும். வந்துவிட்டால், மோசமாக நடத்தும் நிறுவனத்தை விட்டு எட்டு வயது நாயோடு வெளியேறலாம். நிறுவனங்களும் அந்த வெளியேற்றத்துக்குப் பயந்து பிரீமியத்தை ஏற்றத் தயங்கும்.